டைல்ஸ் பதிக்கும் முன்பே மின்சுற்றைத் திட்டமிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலண்டனிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாழும் நம்மவர்கள் பலர், வேறு வீடு வாங்கும் செலவுக்கு அஞ்சி, இருக்கும் வீட்டையே பின்புறமாக நீட்டிக் கட்டிச் சமையலறையைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். வயதான பெற்றோர் படியேறிச் சிரமப்பட வேண்டாம் என்று கீழ்த்தளத்திலேயே ஓர் அறையையும் குளியலறையையும் சேர்ப்பவர்களும் உண்டு. வீட்டுக்குள் வெறுங்காலுடன் நடக்கும் வழக்கம் நமக்கு இருப்பதால், இந்தப் புதிய பகுதிகளில் தரைக்கு அடியில் மின்சூடாக்கி பதிக்கும் விருப்பமும் இயல்பாகவே எழுகிறது. ஹரோ, வெம்பிளிப் பகுதிகளில் நெடுங்காலமாக மின்வேலை செய்துவருபவன் என்ற முறையில் உங்கள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுக்க விரும்புகிறேன். சூடாக்கிக்கு எத்தனை அம்பியர் வேண்டும், அந்த மின்சாரம் எந்த வழியாக வரப்போகிறது என்பதைக் கட்டட வரைபடம் தயாராகும்போதே முடிவு செய்துவிடுங்கள். கொங்கிரீட் இறுகி, டைல்ஸ் பெட்டிகள் வந்து இறங்கிய பிறகு எலெக்ட்ரீசியனைத் தேடினால், எஞ்சியிருப்பவை பெரும்பாலும் குறுக்கு வழிகளாகவே இருக்கும்.

அண்மையில் நான் பார்க்கச் சென்ற ஒரு வீட்டில் நடந்ததையே இதற்குச் சான்றாகச் சொல்லலாம். புதிய சமையலறையில் சூடாக்கியைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில், துணி உலர்த்தும் இயந்திரமும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் சேர்ந்து ஓடினால் பிரேக்கர் விழுந்துவிடுகிறது என்று வீட்டுக்காரர் முறையிட்டார். சுவரில் இருந்த இணைப்பைத் திறந்து பார்த்தபோது, பிளக்குகள் பலவும் பகிர்ந்துகொள்ளும் ரிங் சர்க்கிட்டிலிருந்தே 13 அம்பியர் பியூஸ் ஒன்றின் வழியாகச் சூடாக்கிக்கு மின்சாரம் எடுக்கப்பட்டிருந்தது. அந்தப் பியூஸைத் தாங்கும் பிளாஸ்டிக் பகுதி சூட்டில் பழுப்பேறி, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்திருந்தது. ரிங் சர்க்கிட்டின் பிரேக்கர் 32 அம்பியர். அதில் 13 அம்பியரைச் சூடாக்கி மணிக்கணக்கில் பிடித்து வைத்துக்கொண்டால், ஒரு சமையலறையின் மற்ற எல்லாப் பொருட்களுக்கும் மிஞ்சுவது 19 அம்பியர்தான். கேத்தலும் ஏறத்தாழ அதே அளவு மின்சாரத்தை இழுக்கிறது என்றாலும், அது சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். சூடாக்கி அப்படி ஓய்வதில்லை. ஓர் அறையை முழுமையாகச் சூடாக்கும் நிலையான சாதனத்துக்குத் தனிச் சுற்று கொடுக்க வேண்டும் என்று இந்நாட்டு மின்வேலை வழிகாட்டிகள் சொல்வதும் இதனால்தான்.

கணக்கு கடினமானதன்று. 6 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் கொண்ட சமையலறை 30 சதுர மீற்றர் ஆகும். ஆனால் நிலையான அலுமாரிகளுக்கும் நடுமேடைக்கும் அடியில் சூடாக்கி பதிக்கக் கூடாது. அவற்றைக் கழித்தால் 20 சதுர மீற்றர் எஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல வெப்பக்காப்புள்ள அறைக்குச் சதுர மீற்றருக்கு 150 வாட் சூடாக்கும் விரிப்பைப் (வலையில் சூடாக்கும் வயர் பொருத்தியது) பொதுவாகத் தெரிவு செய்கிறோம். கண்ணாடி மிகுந்த கன்சர்வேட்டரிக்கு 200 வாட் தேவைப்படலாம். 20 சதுர மீற்றருக்கு 150 வாட் வீதம் 3,000 வாட். அதை 230 வோல்ட்டால் வகுத்தால் 13 அம்பியருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். அதாவது 13 அம்பியர் பியூஸின் எல்லையை அது தாண்டிவிடுகிறது. சூட்டைக் கட்டுப்படுத்தச் சுவரில் பொருத்தும் தெர்மோஸ்டாட்டுகளில் பெரும்பாலானவை 16 அம்பியர் வரை தாங்குபவை என்பதால், இந்த அறைக்குத் தனியான 16 அம்பியர் சுற்றும் ஒரு தெர்மோஸ்டாட்டும் போதும். சூடாக்கும் பரப்பு 28 சதுர மீற்றராக இருந்தால் 18 அம்பியருக்கு மேல் போய்விடும். அப்போது தரையை இரண்டு வலயங்களாகப் பிரித்து இரண்டு தெர்மோஸ்டாட்டுகள் பொருத்த வேண்டும், அல்லது கன்டாக்டர் (தெர்மோஸ்டாட்டின் கட்டளைப்படி பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஒன்றைச் சேர்க்க வேண்டும். சுவர்ப் பூச்சு முடிந்த பிறகு இதை நினைத்துப் பார்ப்பதில் யாருக்கும் பயனில்லை.

வயரின் பருமனைப் பற்றிப் பலரும் எண்ணுவதே இல்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். வழக்கமாகப் பயன்படும் 2.5 சதுர மில்லிமீற்றர் தட்டை வயரைச் சுவரின் மேல் கிளிப் அடித்துக் கொண்டுசென்றால் 27 அம்பியர் வரை தாங்கும். அதே வயர் நாற்புறமும் வெப்பக்காப்புக்குள் புதைந்துவிட்டால் தாங்கும் அளவு 13.5 அம்பியராகக் குறைந்துவிடுகிறது, ஏனெனில் வயரில் உண்டாகும் வெப்பம் வெளியேற இடமில்லை. இன்று கட்டப்படும் நீட்டிப்புகளின் தரை, சுவர், கூரை எல்லாவற்றிலும் கட்டட விதிகளின்படி தடித்த காப்புப் பலகைகள் இருக்கின்றன. பழைய வீட்டின் பியூஸ் பெட்டியிலிருந்து புதிய அறைக்கு வரும் வயர் அவற்றை ஊடுருவாமல் வருவது அரிது. எனவே அந்த வயர் எந்தச் சுவர் வழியாக, எவ்வளவு தூரம், காப்பின் எந்தப் பக்கத்தில் செல்கிறது என்பதைப் பார்த்த பிறகுதான் பருமனைத் தீர்மானிக்க முடியும். தேவைப்பட்டால் 4 சதுர மில்லிமீற்றர் வயர் போட வேண்டும். இதனால் கூடும் செலவு சொற்பமே. சுவர் திறந்திருக்கும்போது செய்தால் உழைப்பும் குறைவு.

வீட்டுக்குள் வரும் மொத்த மின்சாரத்தையும் ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்லது. 9.5 கிலோவாட் மின் ஷவர் 41 அம்பியர், இன்டக்ஷன் அடுப்பு 30 அம்பியரளவு, மின்காரின் சார்ஜர் 32 அம்பியர், இவற்றோடு சூடாக்கியின் 13 அம்பியர். எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடா என்பது உண்மைதான். ஆனாலும் குளிர்கால மாலையில் சமையலும் குளியலும் காரின் சார்ஜும் ஒன்றாக நடப்பது நம் வீடுகளில் புதிதன்று. பழைய வீடுகள் சிலவற்றில் பிரதான பியூஸ் இன்னும் 60 அம்பியராகவே இருக்கிறது. அந்தப் பியூஸ் மின்விநியோக நிறுவனத்துக்கு உரியது. இலண்டனின் பெரும்பகுதியில் யூகே பவர் நெட்வொர்க்ஸ். பியூஸின் முத்திரையை உடைக்க எலெக்ட்ரீசியனுக்கு உரிமை இல்லை. மாற்ற வேண்டுமானால் நிறுவனத்திடம் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும் என்பதால், அத்திவாரம் வெட்டும் நாட்களிலேயே இதைத் தொடங்கிவிடுவது நல்லது.

பாதுகாப்பு விதிகளில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. பிஎஸ் 7671 என்ற மின்நிறுவல் தரநிலையின்படி, தரைச் சூடாக்கிச் சுற்றுக்கு 30 மில்லிஅம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்பு வேண்டும். நம்மவர்கள் ‘ட்ரிப் சுவிட்ச்’ என்று சொல்வது இதைத்தான். வீடு முழுவதற்கும் ஒரே ட்ரிப் சுவிட்ச் இருந்தால், தரையில் ஏற்படும் சிறு பழுது குளிர்பெட்டியையும் அணைத்துவிடும். ஆகவே சூடாக்கிக்கென்று தனி ஆர்சிபிஓ (ட்ரிப் சுவிட்சும் பிரேக்கரும் ஒன்றாய் அமைந்த சாதனம்) ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். குளியலறையில் இன்னும் கவனம் வேண்டும்: சூடாக்கும் வயருக்கு எர்த் செய்யப்பட்ட உலோக உறை அல்லது வலை இருக்க வேண்டும், தெர்மோஸ்டாட் தண்ணீர் படாத இடத்தில், முடிந்தால் அறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

டைல்ஸ் பதிப்பவரிடமும் முன்கூட்டியே பேசிவையுங்கள். விரிப்பைத் திருப்ப வேண்டிய இடத்தில் வலையை மட்டும் வெட்டலாம். சூடாக்கும் வயரை ஒருபோதும் வெட்டக் கூடாது, ஒன்றன்மேல் ஒன்று படியவும் விடக் கூடாது. 10 சதுர மீற்றர் பரப்புள்ள 1,500 வாட் விரிப்பின் மின்தடை ஏறத்தாழ 35 ஓம் இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஒருமுறை, விரித்த பின் ஒருமுறை, டைல்ஸ் பதித்த பின் ஒருமுறை அதை அளந்து, காப்பு மின்தடையையும் (வயரின் உறை மின்கசிவைத் தடுக்கும் அளவு) சேர்த்து, உத்தரவாத அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பசை பூசும் கரண்டியின் கூர்முனை பட்டு வயர் அறுந்தால், பசை ஈரமாக இருக்கும்போது தெரிந்தால் இரண்டு டைல்ஸோடு போகும். மாதங்கள் கழித்துத் தெரிந்தால் தரையையே பெயர்க்க வேண்டி வரும். தரை வெப்பத்தை உணரும் சென்சர் வயரை நேரடியாகப் பசையில் புதைக்காமல் சிறு குழாய்க்குள் செலுத்துங்கள். பழுதானால் உருவி மாற்றலாம். மூடுமுன் தரையைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நன்று.

பயன்பாட்டில் நம் வீடுகளுக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. அரிசி மூட்டைகளை அடுக்கி வைக்கும் மூலை, விருந்தினருக்கு மெத்தை விரிக்கும் இடம், சுவாமிப் படங்களின் கீழ், கால்களின்றித் தரையோடு படிந்திருக்கும் அலுமாரி ஆகியவற்றை வரைபடத்திலேயே குறித்து, அங்கே சூடாக்கியைத் தவிருங்கள். மேலே போக வழியில்லாத வெப்பம் தங்கி, வயரையும் தரையையும் கெடுத்துவிடும்.

செலவு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஒரு யூனிட் மின்சாரம் எரிவாயுவைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விலையுள்ளது. பெரிய சமையலறையை நாள் முழுவதும் சூடாக்க நினைப்பவர்கள், தரை எப்படியும் புதிதாகப் போடப்படுவதால், சுடுநீர்க் குழாய் முறையையும் விலை கேட்டுப் பார்ப்பது நல்லது. குளியலறைக்கு மின்சூடாக்கியே போதுமானது என்பது என் கருத்து.

புதிய சுற்று அமைப்பது இங்கிலாந்தில் கட்டட விதிகளின் மின்பாதுகாப்புப் பகுதியான ‘பார்ட் பி’ (Part P) விதியின் கீழ் அறிவிக்க வேண்டிய வேலை. என்ஐசிஇஐசி, நாபிட் போன்ற அமைப்புகளில் பதிவுபெற்றவர் செய்தால் அவரே அறிவித்துவிடுவார். மற்றவர்கள் தொடங்குமுன் கட்டடக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். காசாகக் கொடுத்தால் குறைத்துச் செய்வோம், சான்றிதழ் எதற்கு என்று கேட்பவர்களிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கும் முதல் தாள்களில் அந்தச் சான்றிதழும் ஒன்று. பில்டரிடம் விலைமதிப்பீடு வாங்கும்போதே தனிச் சுற்று, வயரின் பருமன், சோதனை அளவீடுகள், சான்றிதழ் ஆகிய நான்கும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
எலெக்ட்ரீசியன் ஒருவர்,
ஹரோ, இலண்டன்