மூலிகை ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மூலிகைக் கூட்டுகளைப் புற்றுநோய்க் கலங்கள் (செல்கள்) மேல் சோதிக்கின்ற, சோதிக்க எண்ணியிருக்கின்ற பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்,

வணக்கம். நான் களுவாஞ்சிகுடிப் பக்கம். என் அம்மப்பா பரியாரியார், அதாவது நாட்டு வைத்தியர். முற்றத்துப் பாயில் நன்னாரி வேர் காயும் வாசத்தோடு வளர்ந்தவள் நான். மூலிகைக்கு எதிராக எழுதுகிறேன் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம்.

என் பெரியம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். இரண்டாவது கீமோவுக்குப் பிறகு கிளினிக் போவதை நிறுத்திவிட்டார். அவருடைய கிளினிக் கொப்பிக்குள் நாலாக மடித்த ஒரு பத்திரிகைத் துண்டு இருந்தது. ஏதோ ஒரு மூலிகைக் கூட்டு புற்றுநோயை அழிப்பதாக ஆய்வில் தெரிந்துவிட்டது என்று தலைப்பு. பிரிட்ஜ் கதவில் சோடாப் போத்தலில் கறுத்த கசாயம். ஐந்து மாதம் குடித்தார். திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நோய் ஈரலுக்குப் பரவியிருந்தது. கசாயம் காய்ச்சிக் கொடுத்தவரோடு எனக்குக் கோபம் இல்லை. அவர் பத்திரிகையை நம்பினார். பத்திரிகை ஒரு ஆய்வாளரின் பேச்சை நம்பியது.

அப்புறம்தான் அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று தேடி வாசித்தேன். 96 குழிகள் உள்ள உள்ளங்கையளவு தட்டு. குழிகளில் கலங்களை வளர்த்து, மூலிகைச் சாற்றை வெவ்வேறு அளவில் விட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்து மஞ்சள் சாயம் ஒன்றைச் சேர்ப்பீர்கள். உயிரோடு இருக்கும் கலம் அந்த மஞ்சளை ஊதாவாக்கும், செத்தது மாற்றாது. ஊதா குறைந்தால் சாறு வேலை செய்திருக்கிறது. அருமையான முறைதான். ஆனால் அந்தத் தட்டில் குடல் இல்லை, ஈரல் இல்லை, இரத்தம் இல்லை. கலத்தின்மேல் நேரே ஊற்றிய அளவு, எட்டொன்றாய் வற்றவைத்த கசாயத்தைக் குடித்தவரின் கட்டிக்குப் போய்ச் சேருமா என்பதைத் தட்டு சொல்லாது. உப்பைக் கூட்டி ஊற்றினாலும் கலம் சாகும்.

நம் வேலியோரத்து நித்தியகல்யாணியையே பாருங்கள். 1950களில் கனடாவில் ரொபேட் நோபிளின் குழு, நீரிழிவுக்கு நல்லதென்று கேள்விப்பட்டு அதன் இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்தது. வாய்வழி கொடுத்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஊசியால் ஏற்றியபோது வெள்ளைக் குருதிக் கலங்கள் சரிந்தன. அங்கிருந்துதான் 1958இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இன்றும் ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். செடி ஒன்றுதான், ஆனால் இலையை அவித்துக் குடிப்பதும் அந்த மருந்தை அளந்து இரத்த நாளத்தில் ஏற்றுவதும் ஒன்றாகாது.

கொழும்பில் கருஞ்சீரகம், நன்னாரி, பறங்கிப்பட்டை இனத்துக் கிழங்கு ஒன்று ஆகிய மூன்றும் சேர்ந்த கசாயத்தை ஈரல் புற்றுநோய்க் கலங்களிலும் எலிகளிலும் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார்கள். நம் நாட்டுக் கசாயத்தை மதித்து இப்படிப் படிப்படியாகப் போவது எனக்குப் பெருமையாக இருக்கிறது. நீங்களும் செய்யுங்கள். நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை.

கேட்பது இதுதான். முடிவை வெளியில் சொல்லும்போது முதல் வசனத்திலேயே "தட்டில் வளர்த்த கலத்தில்" என்று சொல்லுங்கள். அதே சாறு நல்ல கலத்தை என்ன செய்தது என்பதையும் கூடவே சொல்லுங்கள். புற்றுநோய்க் கலத்தையும் நல்ல கலத்தையும் ஒரே அளவில் கொல்வது மருந்தாகாது. எந்தச் செடி, எந்தப் பாகம் என்பதைத் தாவரவியல் பெயரோடு எழுதுங்கள். ஒரே தமிழ்ப் பெயரில் ஊருக்கு ஊர் வேறு செடி இருப்பது உங்களுக்கே தெரியும். செடி மாறிப்போனால் ஆபத்தும் வரலாம்: ஆடுதின்னாப்பாளை இனத்துச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயையும் உண்டாக்கும். கீமோ மருந்துகள் பலவற்றை உடைத்து வெளியேற்றுவது ஈரலின் நொதியங்கள் (என்சைம்கள்). சில மூலிகைகள் அவற்றின் வேகத்தை மாற்றிவிடும். இதைப் பெரியம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் டொக்டரிடம் கசாயத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஏசுவார் என்று பயம்.

ஒரு கிளினிக் நாளில் காலை ஏழு மணிக்கு வாருங்கள். வாங்கில் இருக்கிற அம்மாமாரிடம், "வீட்டில் என்ன குடிக்கிறீங்க அம்மா?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பைக்குள் இருந்து போத்தலை எடுத்துக் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு பரியாரியாரின் பேத்தி