ஆண்டு நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆண்டு இறுதித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. ஆண்டு விழாவும் விளையாட்டு விழாவும் நல்லபடியாக நடந்தன. கபடியில் நம் மாணவியர் பரிசு வாங்கி வந்தார்கள். மேலாண்மைக் குழுவின் முயற்சியால் குடிநீர்க் குழாய்கள் சரியாயின. அனைவருக்கும் பாராட்டுகள்.

இன்னொரு விஷயமும் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த மறுநாளே நம் பிள்ளைகள் சிலர் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். பேக்கரிக்கு ஒருவன், ஒர்க் ஷாப்புக்கு ஒருவன், துணிக்கடைக்கு இரண்டு பெண்பிள்ளைகள். லீவில் சும்மா இருப்பதற்கு நாலு காசு பார்க்கட்டுமே என்று நினைக்கிறீர்கள். வாரவட்டி கட்டும் வீட்டில் அந்த நாலு காசு எவ்வளவு பெரிது என்பது எனக்கும் தெரியும்.

ஆனால் போன ஆண்டு அப்படிப் போனவர்களில் நான்கு பேர் ஜூனில் திரும்பி வரவில்லை. வகுப்பாசிரியர் வீடு தேடிப் போனார். "இந்த மாசச் சம்பளம் வாங்கிட்டு வந்துடுறேன் சார்" என்றான் ஒருவன். ஆகஸ்டிலும் அதையே சொன்னான். செப்டம்பரில் அவன் அப்பா வந்து டி.சி. கேட்டார். கணக்கில் 81 எடுத்த பையன். கையெழுத்துப் போட எனக்கு மனசே வரவில்லை.

மார்க் குறைந்துவிடும், ஃபெயிலாகிவிடுவான் என்று பயந்து இப்போதே நிறுத்திவிடாதீர்கள். தவறிய பாடத்தைத் துணைத்தேர்வில் எழுதித் தேறினால் இதே ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிடலாம். அதற்கு எங்கள் ஆசிரியர்கள் விடுமுறையிலும் வந்து பாடம் எடுக்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பத்தாவதோடு நின்றால் இவை எல்லாமே கைவிட்டுப் போகும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கடையிலோ கம்பெனியிலோ வேலைக்கு வைப்பது குற்றம். 18 வயது வரை ஆபத்தான தொழில்களில் சேர்ப்பதும் குற்றம். முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையை அப்படி ஒரு வேலைக்கு அனுப்பியதாகத் தெரிந்தால், யாராக இருந்தாலும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தகவல் சொல்வேன்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். கூலி வேலையை விட்டுவிட்டு, அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று பெற்றோர் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்த தாய்மார்களை நான் மறக்கவில்லை. உங்களை நம்பித்தான் இந்தப் பள்ளி நடக்கிறது. மனமார்ந்த நன்றி.

வீட்டில் நெருக்கடி இருந்தால் டி.சி. கேட்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். விடுமுறையிலும் காலை 10 மணி முதல் 1 மணி வரை பள்ளியில் இருப்பேன். வேலை நாளில் வர முடியாதவர்கள் முன்கூட்டிச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்