பிள்ளைகளிடமும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையில் கூவம் கரையிலிருந்து புறநகரான பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வீட்டின் சதுர அடியும் லிஃப்டுமே பேச்சாகின்றன. அங்கே வளரும் பிள்ளைகளின் பொழுது எப்படிக் கழிகிறது என்று கேட்பார் இல்லை.

1970களில் நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச், யுனெஸ்கோ ஆதரவுடன் இதைத்தான் கேட்டார். ஆர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ, போலந்து நாடுகளில், பதின்வயதை எட்டும் பிள்ளைகளைத் தம் வட்டாரத்தை வரையச் சொன்னார்கள். மெல்போர்ன் புறநகரில் திடல்கள் தாராளம். பிள்ளைகளுக்கோ ஒரே சலிப்பு. ஆர்ஜென்டினாவின் சால்டா நகரத்தில், வசதி குறைந்த குடியிருப்புதான். ஆனால் அக்கம்பக்கத்தாரின் ஒட்டுறவு இருந்ததால் பிள்ளைகள் தம் இடத்தைப் பெருமையாகப் பேசினர். ஒரு சறுக்குமரத்தை நட்டுவிட்டுப் 'பூங்கா' என்று பலகை மாட்டும் நம் அதிகாரிகள் இதைப் படிக்க வேண்டும். 1990களில் இந்த ஆய்வு மீண்டும் தொடங்கியபோது பெங்களூருவுக்கும் வந்தது. அவ்வளவு தூரம் வந்தது சென்னைக்கும் வரக் கூடாதா?

அடுத்த குடியிருப்புக்கு வரைபடம் போடுமுன், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் பிள்ளைகளிடம் தாளும் பென்சிலும் கொடுக்கட்டும். கல்வியாண்டின் நடுவில் குடும்பங்களை இடம் மாற்றுவதையாவது உடனே நிறுத்த வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், சென்னை