மதகைக் காப்பதும் ஊழியம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

படித்து முடித்த பிள்ளைகள் எதிலும் பிடிப்பில்லாமல் தவிப்பதைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தத் தவிப்புக்கு இன்னொரு முகம் உண்டு. எங்கள் சபையில் ஒரு தம்பி பி.இ. முடித்துவிட்டு உரக்கடையில் பில் போடுகிறான். "பெரியப்பா, வேலையை விட்டுட்டு முழுநேர ஊழியத்துக்குப் போயிடலாம்னு இருக்கேன். யூரியாவுக்கு பில் போடவா ஆண்டவர் என்னைப் படைச்சார்?" என்று கேட்டான். சபைப் பணியான அந்த ஊழியத்துக்கு அழைப்புப் பெற்றவர்கள் போகட்டும், அவர்களுக்காக ஜெபிக்கிறேன். ஆனால் பில் போடும் மேஜை ஆண்டவருக்கு ஆகாத இடம் என்று இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நாம்தான். ஞாயிறு தோறும் மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பது வேலையை உதறிவிட்டு வந்தவர்களை மட்டும்தானே.

நான் பொதுப்பணித்துறையில் மதகு திறந்து மூடும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். வீரசோழன் ஆற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் தலைப்பு மதகு என் பொறுப்பில் இருந்தது. பரம்பரையாக லுத்தரன் சபை. 1706-ல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிய தரங்கம்பாடிக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரே பஸ்.

அந்தத் தம்பியிடம் லூக்கா 3-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கச் சொன்னேன். யோர்தான் கரையில் யோவான் ஸ்நானகனிடம் ஆயக்காரர்கள் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். ரோமருக்கு வரி வசூலித்துக் கொடுத்து ஜனங்களிடம் கெட்ட பெயர் எடுத்தவர்கள். வேலையை விட்டுவிட்டு என்னோடு வனாந்தரத்துக்கு வா என்று யோவான் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் ஒன்றும் வாங்காதே என்றார். அடுத்து போர்ச்சேவகர்கள் கேட்கிறார்கள். யாரையும் மிரட்டாதே, பொய்க்குற்றம் சாட்டாதே, "உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள்" என்றார். ஆயக்காரன் திரும்பவும் அதே ஆயத்துறைக்குத்தான் போகவேண்டும். மனம் திரும்பியது நிஜமா என்று தெரியப்போவது அங்கேதான்.

அந்த வசனத்தின் பாரம் எனக்குத் தெரியும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விடுவார்கள். கிளை ஆறுகளில் ஏறி, வாய்க்கால்களில் இறங்கி, எங்கள் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் மேல்மடையில் நாற்று பச்சை கட்டியிருக்கும். அணையில் இருப்பு குறைந்த வருடங்களில் முறை வைத்துத் தண்ணீர் விடவேண்டும். இத்தனை நாள் திறப்பு, இத்தனை நாள் அடைப்பு. அந்த நாட்களில் லஸ்கருக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது.

இரவு பத்து மணிக்கு மேல் டார்ச் வெளிச்சம் கரையோடு வரும். மேல்மடைக்காரர் ஒருவர், சில நாள் இருவர். பேச்சு குடும்ப நலத்தில் ஆரம்பிக்கும், பொண்ணுக்கு வரன் பார்க்கிறீங்களாமே என்று போகும். பிறகு, "அண்ணே, என் வாய்மடை ஷட்டரை ரெண்டு சுத்து ஏத்திவிடுங்க, விடியறதுக்குள்ள இறக்கிடலாம்" என்பார்கள். வெற்றிலைப் பொட்டலத்துக்குள் நோட்டு மடித்திருக்கும். கிரீஸ் போட்ட திருகில் இரண்டு சுற்று என்பது கைக்கு ஒரு வேலையே இல்லை. அதிகாலையில் ஆற்றில் நீர்மட்டம் காட்டும் கேஜைப் பார்த்து எழுதும்போது வித்தியாசமும் தெரியாது. ஆனால் கடைமடையில் அந்த இரண்டு சுற்றுதான் கணக்கு. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரியும், வயலுக்குள் ஏறாது. நாற்றங்கால் வெடித்துப் போகும். எங்கள் வாய்க்காலின் கடைசியில் இருந்தவர்கள் பெரும்பாலும் குத்தகைக்கு உழுகிறவர்கள். யார் திருகினார்கள் என்று அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. இந்த வருஷம் காவிரித்தாய் கைவிட்டுவிட்டாள் என்று சொல்லிவிட்டு வட்டிக்குக் கடன் வாங்கப் போவார்கள்.

முடியாது என்று சொன்னதற்கு எனக்கு யாரும் மாலை போடவில்லை. டியூட்டி நேரத்தில் கோயிலுக்குப் போய்விடுகிறான் என்று மொட்டைக் கடுதாசி போனது. மேலதிகாரி விசாரித்தார். முறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் நான் ஆராதனைக்கே போவதில்லை என்பதை ஊரே சொன்னது, அதோடு விட்டுவிட்டார். வேடிக்கை என்னவென்றால், ஆராதனைக்கு ஏன் வரவில்லை என்று சபையிலும் கேட்டார்கள்! ஓய்வுநாளில் எருது துரவில் விழுந்தால் தூக்கிவிட மாட்டீர்களா என்று இயேசு கேட்டதைத்தான் பதிலாகச் சொன்னேன். வெங்காயத்தாமரை மதகை அடைத்துக்கொண்டு நிற்க, அதை அரிவாளால் அறுத்துக் கரையில் தள்ளிய ஞாயிறுகளில் நான் ஆண்டவரை விட்டு விலகி இருந்ததாக நினைக்கவில்லை.

இது என் சொந்தக் கருத்து அல்ல. வயலில் உழுகிறவனின் வேலையும் வீட்டைப் பார்க்கிற பெண்ணின் வேலையும் கடவுள் கண்ணுக்குத் துறவியின் வேலையைவிடக் கொஞ்சமும் தாழ்ந்ததில்லை என்று மார்ட்டின் லூத்தர் 1520-லேயே எழுதிவிட்டார். அவர் பெயரைப் பலகையில் வைத்திருக்கிற எங்கள் சபைகள் அதை அடிக்கடி மறந்துவிடுகின்றன.

நம் மண்ணிலேயே ஒருவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார். மாயூரம் வேதநாயகம் பிள்ளையை முதல் தமிழ் நாவல் எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். அவர் கத்தோலிக்கர், தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக இருந்தவர். மேல் நீதிமன்றத் தீர்ப்புகளெல்லாம் ஆங்கிலத்தில் கிடந்த காலத்தில், வழக்காட வருகிற குடியானவனுக்கும் புரியட்டும் என்று அவற்றைச் சுருக்கித் தமிழாக்கி 1862-ல் அச்சிட்டார். 1870-களின் பஞ்சத்தில் கைப்பொருளைச் செலவழித்துக் கஞ்சி ஊற்றினார். லஞ்சத்தைக் கண்டித்துப் பாட்டுக் கட்டினார். அவர் பிரசங்கியார் இல்லை, முன்சீப். அவருடைய விசுவாசத்தைக் கோர்ட்டுக்கு வந்துபோன ஜனங்கள் பார்த்தார்கள்.

சரி, உரக்கடைத் தம்பி என்ன செய்யவேண்டும்? யூரியா கேட்டு வருகிறவர் தலையில் வேண்டாத டப்பா ஒன்றையும் சேர்த்துக் கட்டும் வழக்கம் கடைகளில் இருக்கிறது. இலைச்சுருட்டுப்புழு நாலு இலையில் தெரிந்ததுமே விலை கூடின மருந்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். "இதுக்கு இப்ப மருந்து தேவையில்ல, ஒரு வாரம் பாருங்க" என்று அவன் சொல்லலாம். காலாவதித் தேதியைப் பார்த்துக் கொடுக்கலாம், கேட்காமலே பில் கொடுக்கலாம். முதலாளி முகம் சுளிப்பார், வேலை போனாலும் போகலாம். அந்தப் பயத்தோடு நிற்கிறவனுக்குத்தான் சபையின் ஜெபமும், தேவைப்பட்டால் இன்னொரு வேலை தேடிக்கொடுக்கிற உதவியும் வேண்டும்.

அதனால் டெல்டாவில் உள்ள எல்லாச் சபைப் போதகர்களையும் உங்கள் பத்திரிகை மூலம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அறுப்பின் பண்டிகைக்கு நெல்லும் வாழைத்தாரும் பூசணியும் கொண்டுவந்து படைக்கிறோம், ஏலம் விடுகிறோம். இந்த முறை அன்றைக்கு லூக்கா 3-ஐ எடுத்துப் பிரசங்கியுங்கள். கொள்முதல் நிலையத்தில் எடை போடுகிறவர், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், பால் சொசைட்டியில் அளக்கிறவர், மதகு பார்க்கிறவர் எல்லோரையும் முன்னே அழைத்து, மிஷனரியை வழியனுப்பும்போது செய்வதுபோல் தலைமேல் கை வைத்து ஜெபியுங்கள். மறுநாள் திங்கட்கிழமை அவர்கள் வேலைக்குப் போகவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லஸ்கர்,
தரங்கம்பாடி வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்.