மாடியை அளந்த பிள்ளைகள்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, நிம்மதி. பொண்ணு சுற்றுச்சூழல் பாடத்தை உருப்போடுவதைப் பார்த்து, இதனால் என்ன ஆகப்போகிறது என்று எரிச்சலாக எழுதியிருந்தாய். நியாயம்தான்டா.

சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லிவிட்டது. பாடம் வந்தது, வந்த வேகத்தில் ஐந்து மார்க் கேள்வியாகிவிட்டது. மழைநீர் சேகரிப்பின் நன்மைகளை வரிசையாக எழுதுகிற பையனுக்குத் தன் பள்ளி மாடித் தண்ணீர் எந்தக் குழாய் வழியாக எங்கே போகிறது என்று தெரியாது. ஜூன் 5 சுற்றுச்சூழல் தின விழாவைப் பற்றிக் கேட்காதே, வருஷா வருஷம் அதே குழியில்தான் கன்று நடுகிறோம்.

அதனால் இந்த முறை எட்டாம் வகுப்பிடம் அளவு டேப்பைக் கொடுத்து மாடிக்கு அனுப்பினேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர், இந்த ஒரு கணக்குதான் சொன்னேன். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, அப்படியென்றால் நூறு சதுர மீட்டர் மாடியில் மட்டும் 1,40,000 லிட்டர், ஆவியாகிப் போவதும் வழிவதும் கழித்தாலும் ஒரு லட்சம் தேறும் என்று அவர்களே போட்டார்கள். "அப்போ லாரித் தண்ணி எத்தனை நடை மிச்சம் சார்?" என்றாள் ஒருத்தி. 12,000 லிட்டர் லாரியில் எட்டு நடை! 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த காலத்தில் இதுகள் குட்டிப் பிள்ளைகள், குடத்தோடு வரிசையில் நின்றது சிலருக்கு லேசாக ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் குழாயைத் தேடிக் கீழே இறங்கினார்கள். 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அப்போது போட்டது எங்கள் பள்ளியிலும் இருக்கிறது. ஆனால் தொட்டி முழுக்கச் சருகும் சேறும், தண்ணீரெல்லாம் தெருக் கால்வாய்க்குப் போகிறது. கணக்குத் தாளோடு நேரே தலைமை ஆசிரியர் அறைக்குப் போய்விட்டார்கள். நான் எத்தனையோ தடவை சொல்லியும் நடக்காதது, மறு வாரமே ஆள் வந்து தூர் வாரினார்கள். இப்போது சொட்டுகிற குழாய்களைத் துரத்துகிறார்கள். விநாடிக்கு ஒரு சொட்டு என்றாலே ஒரு நாளைக்கு நாலு லிட்டர் போகிறதாம்.

நீயும் பொண்ணு கையில் கரண்ட் அட்டையைக் கொடுத்துப் பார். ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டினால் பில் ஏன் அப்படி எகிறுகிறது என்று அவளே கண்டுபிடிக்கட்டும், பாவம் உன் ஏசிக்குத்தான் ஆபத்து.

பொங்கலுக்கு வருகிறாயா, இல்லையா? எழுது.

அன்புடன்,
ரவி