மறுப்பதென்றால் மூன்று நாள் முன்பே மறுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு உள்துறைச் செயலாளர் அவர்களுக்கும் காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

சாதி ஆணவக் கொலைக்கு எதிராக வீதி நாடகம் போடுகிறவர்கள், தெருமுனைக் கூட்டம் நடத்துகிறவர்கள் சார்பில் இதை எழுதுகிறோம். காவல் நிலையத்தில் நாங்கள் கொடுக்கும் அனுமதி விண்ணப்பங்கள் என்ன ஆகின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நாடகம். பத்து நாளுக்கு முன்பே விண்ணப்பம் கொடுத்தாயிற்று. ஒப்புகைச் சீல் கேட்டால் "அய்யா பார்த்துட்டுச் சொல்வாங்க" என்பதுதான் பதில். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசி அடிக்கும்: "ஸ்டேஷனுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க." போனால் ஒரு தாள் காத்திருக்கும். "சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஏற்பட வாய்ப்புள்ளதால் அனுமதி மறுக்கப்படுகிறது." வாசகம் முன்பே அச்சடித்தது. தேதியும் இடமும் மட்டும் பேனாவால் எழுதியிருக்கும்.

அந்த ஒன்பது மணிதான் எங்கள் குறை. மறுப்பாணை கையில் இருந்தால்தான் அதை ரத்து செய்யச் சொல்லி உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போட முடியும். வக்காலத்து, பிரமாணப் பத்திரம், இணைப்புகள் எல்லாம் தயாராகி, மனுவுக்கு எண் கிடைத்து விசாரணைப் பட்டியலுக்கு வர வேலை நாள் வேண்டும். திங்கட்கிழமை அவசர மனுவாக எடுத்துக்கொண்டாலும், அரசு வழக்கறிஞர் விளக்கம் பெற அவகாசம் கேட்பார். அதற்குள் நாடகத் தேதி போய்விட்டிருக்கும். தேதி முடிந்ததால் மனுவுக்குப் பயனில்லை என்று வழக்கு முடிந்துவிடும். மறுத்தது சரியா தவறா என்பதை ஒரு நீதிபதியும் பார்த்திருக்க மாட்டார். அடுத்த மாதம் அதே தாளில் வேறு தேதி நிரப்பப்படும். வேனுக்குக் கொடுத்த முன்பணமும், ஞாயிற்றுக்கிழமைக் கூலியை விட்டுவிட்டு ஒத்திகைக்கு வந்த பெயின்டரின், தையல்காரரின் உழைப்பும் எந்தக் கணக்கிலும் வராது.

சென்னை என்றால் 1888ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவு. ஐந்து நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்ற கெடு எங்களுக்கு இருக்கிறது. நிலையம் பதில் சொல்வதற்கு நடைமுறையில் எந்தக் கெடுவும் இல்லை. மாவட்டங்களில் 1861ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் 30(2)ஐக் காட்டுகிறார்கள். சாலையில் கூடும் கூட்டம் கட்டுக்குள் இல்லாவிட்டால் அமைதி கெடும் என்று அதிகாரிக்குத் தோன்றினால், உரிமம் வாங்கச் சொல்லலாம் என்பதுதான் அந்தப் பிரிவு. கூட்டத்தை ஒழுங்குபடுத்த வந்த பிரிவை, கூட்டமே கூடாது என்பதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

ஆகவே கேட்கிறோம்: மறுப்பதென்றால் மூன்று நாள் முன்பே, காரணத்தோடு, எழுத்தில் மறுத்துவிடுங்கள்.

கரூரில் 2025 செப்டம்பரில் நெரிசலில் 41 உயிர்கள் போன பிறகு, கூட்டம் என்றாலே காவல்துறை பதறுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மைக் இல்லாமல், ஒரு பறையோடு, நூறு பேர் வட்டமாக நின்று அரை மணி நேரம் பார்க்கும் நாடகத்துக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அங்கே கேட்கப்படுவது கூட்ட அளவு அல்ல, நாடகப் பிரதி. 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் கீழ் பிரதியைக் காவல்துறையிடம் காட்ட வேண்டியிருந்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிலையங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

"நாலு பேர் வந்து தகராறு பண்ணுவோம்னு சொல்றாங்க" என்பது வாய்மொழியாகச் சொல்லப்படும் இன்னொரு காரணம். இடஒதுக்கீடு பற்றிய ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கிலேயே, 1989இல், உச்சநீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: வன்முறை மிரட்டலுக்குப் பயந்து அரசு பேச்சைத் தடுக்கக் கூடாது, பேசுகிறவருக்குப் பாதுகாப்புத் தருவது அதன் கடமை. 2015இல் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்பு எழுந்தபோது, நாமக்கல்லில் அமைதிப் பேச்சுவார்த்தை என்ற பெயரில், மன்னிப்புக் கேட்கும் ஒப்பந்தத்தில் எழுத்தாளர் பெருமாள்முருகனிடம் கையெழுத்து வாங்கினார்கள். அது அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலையில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருந்தும் அமைதிக் கூட்டத்துக்கு மிரட்டப்பட்டவரைத்தான் இன்றும் முதலில் கூப்பிடுகிறார்கள். மிரட்டினால் காரியம் நடக்கும் என்பதை மிரட்டியவர் அங்கேயே கற்றுக்கொண்டு போகிறார். அடுத்த ஊரில் வேறு நாலு பேர் கிளம்புகிறார்கள்.

பிடிக்காத பேச்சை நின்று கேட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போகிற பழக்கம் ஓர் ஊருக்குக் கேட்டுக் கேட்டுத்தான் வரும். தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்று முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் பேசியபோது எத்தனையோ பேர் மனம் புண்பட்டது. அந்த முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1947இல். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தை ஏளனம் செய்யாத ஊர் இல்லை. அண்ணா ஆட்சியில்தான் அது சட்டப்படி செல்லும் என்றானது. முதல் பேச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில் இருந்த நீண்ட ஆண்டுகள் முழுவதும் யாரோ ஒருவர் மேடையில் ஏறிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். இன்று சாதி மறுத்துத் திருமணம் செய்தவர்களைக் கொல்கிற ஊரில், அது தவறு என்று சொல்லும் நாடகத்துக்கு இடமில்லை என்றால், அந்த ஊர்ப் பையனும் பெண்ணும் அதை வேறு எங்கே கேட்பார்கள்? கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வேண்டுவது ஒரே ஒரு சுற்றறிக்கை. விண்ணப்பம் கொடுத்த அன்றே தேதியிட்ட ஒப்புகை தர வேண்டும். இடமோ நேரமோ சரியில்லை என்றால், மாற்று இடம், மாற்று நேரம் எது என்று ஆய்வாளரே குறிப்பிட வேண்டும். எதிர்ப்புக் காட்ட வருகிறவர்களைச் சற்றுத் தள்ளி நிறுத்த வேண்டும். பிரதி கேட்கக் கூடாது. மறுப்பு, நிகழ்ச்சிக்கு 72 மணி நேரம் முன்பே, அந்த நிகழ்ச்சிக்கே உரிய காரணத்தோடு கைக்கு வர வேண்டும். அப்படி வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளப்பட வேண்டும்.

மறுக்கும் அதிகாரத்தை விட்டுக்கொடுங்கள் என்று கேட்கவில்லை. நீங்கள் மறுத்தது சரிதானா என்று ஒரு நீதிபதி பார்ப்பதற்கு மூன்று நாள் கொடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.