உங்கள் மீற்றரையே ஒருமுறை வாசித்துப் பாருங்கள்: ஒரு கோரிக்கை மனு

திகதி: 20.06.2025

அனுப்புநர்:
செயலாளர்,
வைரவர் கோயிலடி ஒழுங்கைக் குடியிருப்பாளர், தோட்டக்காரர் சார்பில்,
வலிகாமம் கிழக்கு, யாழ்ப்பாணம்.

பெறுநர்:
பிரதேச மின் பொறியியலாளர் அவர்கள்.

விடயம்: பின்னேர வோல்ற்றேஜ் குறைவு தொடர்பாக, ஸ்மார்ட் மீற்றர்களில் பதிவாகியுள்ள தரவை இறக்கிப் பார்த்து நடவடிக்கை எடுக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்படி விடயமாக நாம் முன்னர் கையளித்த மனுக்களுக்கு எழுத்தில் எந்தப் பதிலும் கிடைக்கவில்லை. தங்கள் வேலைப்பளு எமக்குத் தெரியாததல்ல. சோளகக் காற்று எழும்பினால் பனைமட்டை வயரில் விழும். ஒரு நாளில் எத்தனை இடத்துக்குத்தான் ஆட்களை அனுப்புவது என்பதும் விளங்குகிறது. குறை சொல்லும் எண்ணத்தோடு இதை எழுதவில்லை. ஆனால் வெங்காயம் வயலில் நிற்கிறது, காற்று நிலத்தை உறிஞ்சுகிறது, பேசாமல் இருக்க முடியவில்லை.

இடத்தைத் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பருத்தித்துறை வீதியில் இருந்து மரக்காலைப் பக்கமாக இறங்கினால் வைரவர் கோயிலடியில் நிற்கிறதே, அதே ட்ரான்ஸ்போமர்தான். அங்கிருந்து வயர் ஒழுங்கை நீளத்துக்குப் போய் குளத்தடித் தோட்டங்களில் உள்ள கடைசி மோட்டர் கொட்டிலில் முடிகிறது. தூரத்தைத் தாங்கள் நடந்தே பார்த்திருக்கிறீர்கள்.

1. இலங்கையில் வீடுகளுக்கு வர வேண்டியது 230 வோல்ற், கூடவோ குறையவோ 6 வீதம். அதாவது சுமார் 216 முதல் 244 வரை. பின்னேரம் ஆறரைக்கும் இரவு பத்தரைக்கும் இடையில் எமது ஒழுங்கையின் கடைசிப் பகுதி இந்த எல்லைக்குள் நிற்பதே அபூர்வம்.

2. காரணமும் எங்களுக்குத் தெரியாததல்ல. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்குப் பாய்ந்ததும், இறைப்பு மெஷின்களை மூலையில் போட்டுவிட்டுத் தோட்டக்காரர் எல்லோரும் மோட்டர் பூட்டினார்கள். இணைப்பு கொடுத்ததும் தங்கள் அலுவலகம்தான், முறைப்படிதான் கொடுத்தது. ட்ரான்ஸ்போமரின் கொள்திறன் மட்டும் பழையபடி 100 கேவிஏ. அப்படியென்றால் ஒரு பேசுக்கு, அதாவது ட்ரான்ஸ்போமரில் இருந்து வரும் மூன்று மின்வழிகளில் ஒன்றுக்கு, ஏறக்குறைய 144 அம்பியர். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போதே 6, 7 அம்பியர் இழுக்கும். தொடங்கும் நேரத்தில் அதைப்போல் பல மடங்கு. ஒரே பேசில் இருபது மோட்டர் ஓடினால் அதற்கே 120, 140 அம்பியர் போய்விடும். பிறகு வீடுகளுக்கு எங்கே மிச்சம்? நான் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் இந்தக் கணக்கைப் போட்டேன். தங்கள் பொறியியலாளர்களுக்கு இது கடிதவுறையின் பின்பக்கத்தில் போடும் கணக்கு.

3. ஐயா, தயவுசெய்து இந்தப் பந்தியை மட்டுமாவது பொறுமையாக வாசியுங்கள்.

பின்னேரம் ஏழு மணிக்குக் குளத்தடியில் சுவிச்சைப் போட்டால் முதலில் கொட்டிலில் தொங்கும் லைற் மங்கும். மோட்டர் சுற்றாது. உறுமிக்கொண்டு நிற்கும். கையால் விசிறியைத் தள்ளிவிட்டால் சில நேரம் பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் சற்று நேரத்தில் வார்னிஷ் கருகும் மணம் வரும். அந்த மணம் வந்தால் அவ்வளவுதான், மோட்டருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளான கொயில் போய்விட்டது. மோட்டரைச் சுழற்றும் விசை வோல்ற்றேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 230 வர வேண்டிய இடத்தில் 174 வந்தால் விசை 57 வீதம்தான். தண்ணீர்த் தூணைத் தூக்க அது போதாது. சுழல முடியாத மோட்டர் கரண்டை மட்டும் மேலும் மேலும் இழுத்துத் தன்னையே எரித்துக்கொள்ளும்.

"பகலில் இறைக்கலாமே" என்று தங்கள் அலுவலகத்தில் ஒரு உத்தியோகத்தர் சொன்னார். அவர் தோட்டம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவராக இருக்க முடியாது. எங்களது பங்குக் கிணறுகள். ஒரு கிணற்றில் நாலு பேருக்கும் ஐந்து பேருக்கும் உரித்து உண்டு. ஆளுக்கொரு நாள், ஆளுக்கொரு நேரம் என்று முறை இருக்கிறது. தகப்பன் காலத்தில் பிரித்த முறை, உறுதியிலேயே எழுதியிருக்கிறது. பின்னேர முறைக்காரர் பின்னேரம்தான் இறைக்கலாம். அன்று மோட்டர் உறுமிக்கொண்டு நின்றால் முறை போனது போனதுதான். அடுத்தவர் தன் நேரத்தை விட்டுக்கொடுக்க மாட்டார், அவருக்கும் பயிர் நிற்கிறது. செம்பாட்டு மண், சோளகக் காற்று, வெங்காயம் இன்னொரு முறை வரும் வரைக்கும் பொறுக்காது. தாள் நுனி மஞ்சளாகி மடியத் தொடங்கும். பிறகு எவ்வளவு இறைத்தாலும் குமிழ் திரளாது. கூடப் பிறந்த சகோதரர்கள் கிணற்றடியில் வாய்த்தர்க்கப்பட்டுப் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதைக் கண்ணால் கண்டோம். வோல்ற்றேஜால் வந்த பகை அது.

கணவரை இழந்த ஒரு தங்கச்சி கடைசித் தோட்டத்தில் வெங்காயம் வைத்திருக்கிறார். விதை வெங்காயம் வாங்கக் காப்பை அடகு வைத்தவர். அவரின் மோட்டர் இந்தப் போகத்தில் ஒரு தடவை எரிந்து, கொயில் சுற்றிக் கொண்டுவந்து பூட்டி, திரும்பவும் எரிந்தது. இப்போது அவரும் மகளும் துலாக் காலம்போல் வாளியால் அள்ளி ஊற்றுகிறார்கள். மகளுக்கு இந்த வருடம் சோதனை. அந்த எரிந்த மோட்டருக்கு யார் பொறுப்பு? "உங்கட வயரிங் பிழையாக இருக்கும்" என்கிறார்கள். ஒழுங்கை முழுக்க ஒரே நேரத்தில், ஆறரைக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிகிற வயரிங் பிழையா?

4. சரி, ஆதாரம் கேட்கிறீர்கள். ஆள் அனுப்பிப் பார்த்தோம், 236 இருக்கிறது என்கிறீர்கள். உண்மைதான், இருந்தது. வந்தவர் வந்த நேரம் காலை பதினொரு மணி. அந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் வந்து 236ஐக் காணலாம். தேநீர் குடித்துவிட்டு இன்னொரு முறை அளந்தாலும் அதேதான் காட்டும். அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் எங்கள் பிரச்சினை வேலைக்கு வருகிறது.

இதற்கு மாற்று வழி தங்கள் கையிலேயே இருக்கிறது. எமது ஒழுங்கையில் சோலார் போட்ட வீடுகளுக்கும் பழைய மீற்றர் பழுதாகிய சில வீடுகளுக்கும் ஸ்மார்ட் மீற்றர் பூட்டியிருக்கிறீர்கள். இராப்பகலாக அது சுவரில் நின்று அளக்கிறது. திரையில் எண்கள் மாறி மாறி வரும். 1.8.0 என்று வந்தால் வாங்கிய யூனிற், 2.8.0 என்றால் சோலாரில் இருந்து கொடுத்தது, 32.7.0 என்று வரும்போது நிற்பது அந்த நேரத்து வோல்ற்றேஜ். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, நாங்களாகத்தான் கண்டுபிடித்தோம். பின்னேரம் ஏழரைக்கு நான் பார்த்தபோது அதில் 174 நின்றது. கைபேசியில் படமெடுத்து இத்துடன் இணைத்திருக்கிறோம். படத்தை நம்பாவிட்டால் பரவாயில்லை. மீற்றரை நம்புங்கள். அது உங்களுடைய மீற்றர், நீங்களே சீல் வைத்தது.

இந்த மீற்றர்கள் யூனிற்றை மட்டும் எண்ணுவதற்குச் செய்யப்பட்டவை அல்ல. குறித்த இடைவெளிக்கு ஒரு தடவை, கால் மணியோ அரை மணியோ அமைத்தபடி, பாவனையையும் வோல்ற்றேஜையும் நினைவில் எழுதி வைக்கக்கூடியவை. வோல்ற்றேஜ் எல்லைக்குக் கீழே இறங்கினால் நேரத்தோடு நிகழ்வுப் பதிவில் விழும். கரண்ட் நின்றால், முழுதாக அணைவதற்கு முன் "இங்கே இல்லை" என்று ஒரு கடைசிச் செய்தி அனுப்பும் வகைகளும் உண்டு. இத்தாலியில் 2001 இலேயே வீடுகளுக்கு இப்படிப்பட்ட மீற்றர்களைப் பூட்டத் தொடங்கி, பிறகு சுமார் 3 கோடி இணைப்புகளுக்கு அது போனது. எங்கள் ஒழுங்கைக்கு மீற்றர் வந்துவிட்டது, அதை வாசிக்கிற ஆள்தான் வரவில்லை.

சிக்னல் இல்லை, தரவு வரவில்லை என்று சொல்ல வேண்டாம் ஐயா. மீற்றரின் முகத்தில், ஒளி மூலம் தரவைக் கொடுக்கும் சிறிய வட்ட ஒளிவாய் இருக்கிறது. காந்தத் தலையுள்ள கேபிளை அதில் ஒட்டினால் மடிக்கணினியில் இறக்கலாம். ஆனால் ஒன்று, தாமதித்தால் பயனில்லை. மீற்றரின் நினைவு நிறைந்ததும் பழைய பதிவுகளின் மேல் புதியவை எழுதப்பட்டுவிடும். வைகாசியில் எரிந்த மோட்டருக்கான சாட்சி புரட்டாதியில் அங்கே இருக்காது.

5. இதே மீற்றரின் இன்னொரு வேலையையும் பார்த்தோம். உள்ளே ஒரு சுவிச் இருக்கிறது, தூரத்தில் இருந்தே இணைப்பைத் துண்டிக்கலாம். பில் நிலுவை என்று ஒரு வீட்டில் ஆளே வராமல் கரண்ட் போனது. கட்டியதும் வந்தது. சட்டப்படி சரிதான், அதை எதிர்க்கவில்லை. ஆனால் நிலுவை என்றால் உடனே கேட்கிற காது, 174 என்றால் மட்டும் அடைத்துக்கொள்வது ஏன்?

6. மீற்றர் வேகமாக ஓடுகிறது என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை, இந்த மனுவிலும் சேர்க்கவில்லை.

7. சோலார் வீடுகளின் கதை வேறு. மதியத்தில் தோட்டத்துப் பக்கம் வோல்ற்றேஜ் 250ஐத் தாண்டுகிறது, சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேட்டர் தானாக நின்றுவிடுகிறது. பகலில் கூடி இரவில் குறைகிறது என்றால் வயர் மெல்லியது, பேசுகளுக்கிடையே சுமை சரியாகப் பிரிக்கப்படவில்லை என்றுதானே அர்த்தம்? இந்த வருடம் பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. அதன் பிறகு, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைவு என்று கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லி நாடு முழுவதும் கேட்டார்கள். நாங்களும் நிறுத்தினோம், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நாட்டின் மின்கட்டமைப்புக்கு எங்கள் கூரை தேவைப்படும்போது எங்கள் ஒழுங்கை உங்கள் கண்ணில் படுகிறது. எங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் தேவைப்படும்போது மட்டும் படுவதில்லை.

மன்னிக்க வேண்டும். பணிவாகத்தான் எழுதத் தொடங்கினேன்.

ஆகவே ஐயா, நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

முதலில், ஒழுங்கையில் உள்ள ஸ்மார்ட் மீற்றர்களின் வோல்ற்றேஜ் பதிவுகளை இறக்கிப் பாருங்கள். வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் கரண்ட் போகும் ட்ரான்ஸ்போமரின் தாழ்அழுத்தப் பக்கத்திலும் ஒரு மீற்றரைப் பூட்டி, எந்தப் பேசில் எந்த நேரத்தில் எவ்வளவு சுமை என்று எடுங்கள். ஒரு கிழமை போதும். அதற்குப் பிறகு பேசுகளைச் சமப்படுத்துவதா, பெரிய ட்ரான்ஸ்போமர் வைப்பதா, குளத்தடிக்குக் கிட்ட இன்னொன்று நடுவதா என்பது தங்கள் தொழில், அதில் நாங்கள் தலையிடவில்லை. இன்னொன்று நடுவதென்றால் காணி கொடுக்க ஒருவர் சம்மதித்திருக்கிறார், எழுத்தில் தருவார்.

இந்தப் போகத்து வெங்காயம் கிண்டுவதற்கு முன்னாவது பேசுகளைச் சமப்படுத்தித் தாருங்கள். ட்ரான்ஸ்போமர் வருவதற்கு நாளாகும் என்பது தெரியும். பேசு மாற்றுவதற்கு ஏணியும் இரண்டு ஆட்களும் ஒரு நேரமும் போதும். அதையாவது செய்யுங்கள். பின்னேர முறைக்காரருக்குத் தண்ணீர் வரட்டும்.

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு முறையிடும்படி எம்மில் பலர் வற்புறுத்துகிறார்கள். தங்களோடு பேசித் தீர்க்கவே நாம் விரும்புகிறோம்; அதனால்தான் அந்தக் கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. இந்த மனுவுக்கும் பதில் வராவிட்டால் போட வேண்டிவரும்.

மீண்டும் கேட்கிறோம்: மீற்றரை வாசியுங்கள். இறக்கும் நாளை முன்கூட்டி அறிவித்தால் எம்மில் ஒருவர் பக்கத்தில் நிற்பார். வரும் நேரம் மட்டும் காலை பதினொரு மணியாக இல்லாமல் பின்னேரம் ஏழு மணியாக இருக்கட்டும்.

இங்ஙனம்,
பணிவுடன்,
செயலாளர்
(குடியிருப்பாளர், தோட்டக்காரர் சார்பில்)

இணைப்பு: பாவனையாளர் ஒப்பங்கள், மீற்றர் திரையின் படம், மோட்டர் கொயில் சுற்றிய பற்றுச்சீட்டுகள்.

பிரதி: பிரதேச செயலாளர் அவர்கள், கிராம அலுவலர் அவர்கள்.